ஆடு தடுக்கும் கையாலை

அயினிக்கோணம் சபையில் சாதி கிடையாது. நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை; 1871ஆம் ஆண்டுத் தீர்மானமே இருக்கிறது. 'கிறிஸ்துவுக்குள் அனைவரும் ஒன்றென்பதால் இச்சபையில் சாதி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லவோ கையால் எழுதவோ கூடாது' என்று அன்றைய பெரியவர்கள் ஏகமனதாக நிறைவேற்றினார்கள். அதே கூட்டத்தின் அடுத்த தீர்மானத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு கையாலை கட்ட முடிவு செய்தார்கள். மண்ணைக் குழைத்து இடுப்பளவுக்கு எழுப்பும் மதிலை எங்கள் பக்கத்தில் கையாலை என்போம். கட்டுவதற்குக் காரணம் எழுத வேண்டுமே! உண்மைக் காரணத்தை எழுதினால் முந்தைய தீர்மானத்துக்கு விரோதமாகிவிடும். வெகுநேரம் யோசித்து 'ஆடு தடுக்கும் கையாலை' என்று எழுதினார்கள்.

கையாலைக்கு மேற்கே முன்வளவு, கிழக்கே பின்வளவு. முன்வளவில் தோப்பும் துரவும் உள்ள குடும்பங்களைப் புதைப்பார்கள். பின்வளவில் ஓலை முடைகிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், வயலில் கூலிக்கு நிற்கிறவர்கள். கோயிலுக்குள்ளும் அதே முறைதான். முன்வளவுக்குப் பெஞ்சு, பின்வளவுக்குப் பாய். பாயில் இருந்தால் முழங்கால் போட எளிது என்று அதற்கும் ஒரு தீர்மானம் உண்டு.

கையாலை ஆடு தடுத்ததும் உண்மைதான். சபைத் தலைவர் ராபின்சனின் ஆடுகள் பின்வளவில்தான் மேயும். கையாலை இருந்ததால் அவை முன்வளவுக் குரோட்டன் செடிகளைத் தொட்டதில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், 1949 முதல் இருபது வருடம் சபையின் மினிட் புத்தகம் எழுதியவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பிடித்துப் போட்டார்கள். நானும் முன்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினேன்.

இரண்டு வளவுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. முன்வளவில் ஒருவரைப் புதைத்தால் நியாயத்தீர்ப்பு நாள்வரை யாரும் தொடமுடியாது. தலைமாட்டில் பெயர் வெட்டிய கல் காவல் நிற்கும். பின்வளவு பதினைந்தே சென்ட். அதனால் அங்கே ஏழு வருடம் கழிந்தால் அதே இடத்தில் அடுத்த குழி வெட்டலாம், வரிசைப்படி. கல் வைக்க அனுமதி இல்லை, மண்வெட்டிக்கு இடைஞ்சல். 'உயிர்த்தெழ வேண்டியவன் ஏழு வருடத்துக்குள் எழுந்திருப்பான்' என்று ராபின்சன் ஒருமுறை விளக்கம் சொன்னார். அதையும் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

குழி வெட்டுகிறவர் பொன்னுதாஸ். அவரும் பின்வளவுதான். ஐம்பது தாண்டிய மனிதரை ஊரில் பிள்ளைகள்கூட 'பொன்னு' என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை, தைரியம் வந்துவிடுகிறது.

அவருடைய மனைவி கிருபாபாய் 1949 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது காய்ச்சலில் இறந்தாள். முடைந்த ஓலையைக் கட்டாகத் தலையில் வைத்து பாறசாலைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிற பெண். சந்தைக்குப் போகும் வழி ஓடையை ஒட்டிய ஒற்றையடி வரம்பு. எதிரே பெஞ்சுக்காரர் வந்தால் பாய்க்காரர் ஓடையில் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது, பழக்கம்தான். ஒருநாள் ராபின்சன் வரம்பில் நின்று செயலாளர் ஜெயதாஸ் வாத்தியாருக்கு 'உன்னைப்போல் பிறனையும் நேசி' என்ற வசனத்தின் உட்பொருளை அரைமணி நேரம் விளக்கினார். அந்த அரைமணியும் கிருபாபாய் முழங்கால் தண்ணீரில், தலைச்சுமையோடு நின்றாள். அன்று வீட்டுக்கு வந்து, "செத்த பெறவாவது ஒருத்தருக்கும் ஒதுங்காம கெடக்கணும்" என்று பொன்னுதாஸிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாளாம்.

அவளுக்கான குழியை அவரே வெட்டினார். கையாலையில் இருந்து ஒரு கோல் தூரம் விட்டு வெட்டவேண்டும் என்பது விதி. அன்று மழை, மேற்பார்வைக்கு யாரும் வரவில்லை. கையாலையின் அடியோரத்திலேயே, மண் இளக்கமான இடமாகப் பார்த்து வெட்டிவிட்டார்.

விதிப்படி 1956 டிசம்பரில் அந்த இடம் திரும்பவும் வெட்டுக்கு வரும். வெட்டப்போவதும் அவர்தான். அதனால் ஒரு கல் வைக்க அனுமதி கேட்டு மனு கொடுத்தார். முதல் மனு பரிசீலனையில் இருந்தது. இரண்டாவது மனு, முதல் மனு பரிசீலனையில் இருப்பதால் தள்ளுபடியானது. மூன்றாவது மனுவோடு நேரில் வந்து கூட்டத்தின் வாசலில் நின்றார்.

"எலே பொன்னு, கல்லு எதுக்குலே?" என்றார் ராபின்சன். "யாரு எங்க கெடக்கியான்னு கர்த்தருக்குத் தெரியாதா?"

"கர்த்தருக்குத் தெரியும் அய்யா. மண்வெட்டிக்குத் தெரியாதே."

"மண்வெட்டி உனக்க கையிலதானேலே இருக்கு?"

"அதாக்கும் அய்யா எனக்குச் சங்கடம்."

கமிட்டி இதைக் குறித்துக்கொண்டது. கல் கிடைக்கவில்லை.

அப்போதுதான் எல்லைப் போராட்டம் சூடு பிடித்தது. திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களோடு எங்கள் ஊர் இருக்கும் நெய்யாற்றின்கரையும் மதராசில் சேரவேண்டும் என்று தமிழ்க்காரர்களும், ஒரு பிடி மண் விடமாட்டோம் என்று மலையாளக்காரர்களும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். தெற்கே துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அவர்களைப் பற்றி நான் கேலி பேசமாட்டேன். பேசுகிறவன் நாக்கு அழுகட்டும். நான் சொல்ல வருவது எங்கள் கமிட்டியைப் பற்றி மட்டும்.

1954 தொடக்கத்தில் சபைக் கமிட்டியின் ஏழு பேரும் கூடி 'அயினிக்கோணம் தமிழ் எல்லைப் பாதுகாப்புக் கமிட்டி' என்று ஒன்றைத் தொடங்கி, தங்களையே அதற்குத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். தலைவர் ராபின்சன். இதைப் பார்த்து அவருடைய சகலை, நெய்யாற்றின்கரையில் சிமெண்டுக் கடை வைத்திருந்த எபனேசர், 'ஐக்கிய கேரளக் கமிட்டி'யைத் தொடங்கினார். மாமனார் வீட்டு மாந்தோப்பைப் பிரித்தபோதே இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. இப்போது அது கொள்கையானது.

ஒருநாள் ஜெயதாஸ் வாத்தியார் குழித்துறைக்குப் போய் ஒரு முக்கியமான தகவலோடு வந்தார். எல்லையை முடிவு செய்ய டெல்லியில் இருந்து வரும் கமிஷன் உயிரோடு இருப்பவர்களின் பேச்சை நம்பப் போவதில்லையாம். உயிரோடு இருப்பவன் காலையில் தமிழும் மாலையில் மலையாளமும் பேசுவான். கல்லறைக் கல் அப்படி மாறாது. அதனால் கல்லறைக் கற்களை எண்ணித்தான் முடிவு செய்வார்களாம். நூறு கல்லுக்குக் குறைந்த தோட்டம் கணக்கில் சேராதாம். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. குழித்துறையில் சொன்னார்கள் என்றால் போதும்.

முன்வளவில் எண்ணிப் பார்த்தோம். அறுபத்தொரு கல் இருந்தது.

"அப்பம் இன்னும் முப்பத்தொம்பது பேரு சாவணும்" என்றார் ராபின்சன். கமிட்டி உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெயதாஸ் வாத்தியார் குரலைத் தாழ்த்தி, "செத்த ஆளுக உண்டு அய்யா. கையாலைக்கு அந்தப் பக்கம்" என்றார்.

பிறகு ராபின்சன் எழுந்து நின்று, அச்சில் வரவேண்டிய தமிழில் சொன்னார்: "அவர்களும் தமிழர்களே."

எண்பத்து மூன்று வருட மினிட் புத்தகத்தில் பின்வளவுக்காரர்களை ஏதோ ஒன்றில் சேர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நான் அடிக்கோடிட்டேன்.

கல்லில் வெட்டப் பெயர் வேண்டும். அடக்கப் பதிவேட்டைத் திறந்தோம். முன்வளவுக்காரர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர், கடைசியாகச் சொன்ன வேதவசனம் எல்லாம் இருந்தது. பின்வளவுக்கு 'ஆண் ஒன்று', 'பெண் ஒன்று' என்று இருந்தது. யார் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் பொன்னுதாஸ். அவரைக் கூட்டிவரச் சொன்னார்கள். விசேஷ மரியாதையாக, அவருக்கான பாயைப் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே விரித்தார்கள்.

பொன்னுதாஸ் கண்ணை மூடிக்கொண்டு வரிசை வரிசையாகச் சொன்னார். நாற்பத்து மூன்று பேர். ஒரு பெயருக்குக்கூடத் தடுமாறவில்லை.

"இது யோனா. கெணறு வெட்டும்பம் மண்ணு இடிஞ்சு மூடினது."

ஜெயதாஸ் வாத்தியார் எழுதினார்: 'தமிழ் மண்ணுக்கு உயிரைத் தந்த யோனா'.

"இது தங்கபாய். பட்டினியாக்கும்."

'தமிழுக்காக உண்ணாநோன்பிருந்த தங்கபாய்'.

"இது எனக்க கெட்டினவ, கிருபாபாய்."

"அவ என்ன செய்தா?"

"ஓலை மொடஞ்சா."

"வேற?"

பொன்னுதாஸ் யோசித்தார். "ஒதுங்கி நின்னா" என்றார்.

ஜெயதாஸ் வாத்தியார் பேனாவைக் கடித்துவிட்டு, 'தமிழன்னைக்கு வழிவிட்டு நின்ற திருமதி கிருபாபாய் அம்மையார்' என்று எழுதினார். உயிரோடு இருந்தவரை அவளை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது முன்னால் திருமதியும் பின்னால் அம்மையாரும் வந்து நின்றன.

"அய்யா, கல்லு வச்சா பின்ன அந்த எடத்துல குழி வெட்டாண்டாம் இல்லியா?" என்று கேட்டார் பொன்னுதாஸ்.

"கல்லு நிக்கிய எடத்துல எவன்லே வெட்டுவான்?" என்றார் ராபின்சன்.

அதை மினிட்டில் எழுதலாமா என்று நான் கேட்டேன். தலைவரின் வாய்ச்சொல்லே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கல் நாட்டினால் மட்டும் போதாது. நடுவே கையாலை இருந்தால் இரண்டு தோட்டமாகிவிடும், இரண்டுமே நூறுக்குக் கீழே. அதனால் கையாலையை இடிக்க நாள் குறித்தார்கள். மாலை சுற்றிய மண்வெட்டியை ராபின்சன் கையில் கொடுத்தோம். பாறசாலையில் இருந்து போட்டோக்காரர் வந்தார்.

"தமிழனைத் தமிழன் பிரிக்கும் சுவர் எதுவானாலும், அது எவ்வளவு பழமையானாலும், அதைக் கட்டியவன் எவனானாலும், அவன் இனத் துரோகி!" என்று முழங்கினார் ராபின்சன். அதைக் கட்டியவர் அவருடைய பாட்டனார். யாரும் நினைவூட்டவில்லை, போட்டோக்காரர் அவசரப்பட்டார்.

ராபின்சன் ஒரு வெட்டு வெட்டினார். மீதியைப் பொன்னுதாஸ் இரண்டு நாளில் இடித்து, மண்ணைத் தோட்டம் முழுக்கப் பரப்பிச் சமப்படுத்தினார். மூன்றாம் நாள் தலைவரின் ஆடுகள் முன்வளவுக்குள் வந்து குரோட்டன் செடிகளைத் தின்றன. இனத்தின் நலன் கருதிச் செடிகள் தியாகம் செய்ததாக ஒரு தீர்மானம் போட்டோம்.

பின்வளவில் நாற்பத்து மூன்று கற்கள் எழுந்தன. அன்று மாலை பொன்னுதாஸ் தன் மனைவியின் கல்லுக்கு முன் குந்தியிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். மூன்றாம் வகுப்புப் படிப்பு. திருமதியையும் அம்மையாரையும் தாண்டிப் பெயருக்கு வரவே நேரமாயிற்று. கண்டுபிடித்ததும் அந்தப் பெயரின் மேல் மட்டும் கையை வைத்துக்கொண்டார்.

எபனேசர் சும்மா இருப்பாரா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆட்களோடு வந்தார்.

"இது திருவிதாங்கூர் மண்ணாக்கும். மலையாளம் இல்லாத்த கல்லு இஞ்ச நிக்காது" என்றார்.

சண்டை வரும்போல் இருந்தது. போலீஸ் வந்தால் இரண்டு கமிட்டிக்கும் அவமானம் என்று பேசி ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். தலைமாட்டில் தமிழ்க் கல், கால்மாட்டில் மலையாளக் கல். முன்வளவுக் கல்லறைகளில் மட்டும் யாரும் எதையும் சேர்க்கக்கூடாது, அது குடும்பச் சொத்து. பின்வளவுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இரு கமிட்டிகளும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் இதுதான்.

கிருபாபாயின் கால்மாட்டில் 'ஐக்கிய கேரளம் கண்டு கண்மூடியவள்' என்று மலையாளத்தில் சிமெண்டுக் கல் நின்றது. ஐக்கிய கேரளம் அப்போது பிறக்கவே இல்லை. அவள் தலை மதராசிலும் கால் திருவிதாங்கூரிலும் கிடந்தாள்.

"செரி, காலுக்கும் ஒரு காவல்" என்றார் பொன்னுதாஸ்.

இரண்டு மாதம் கழித்து காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாக ஓர் அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் தடித்த நோட்டுப் புத்தகம். தமிழும் சரியாக வராது, மலையாளமும் வராது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் வந்தால் அவர் டெல்லியாகத்தான் இருக்க வேண்டும். ராபின்சன் மாலை போட்டார். எபனேசர் சகலையின் மாலைக்கு மேலே இன்னொரு மாலை போட்டார். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனார்கள். அவர் சற்றுத் திகைத்து நின்றார். பிறகு கடமை தவறாமல் ஒவ்வொரு கல்லாக எண்ணினார். முன்வளவில் அறுபத்தொன்று, பின்வளவில் எண்பத்தாறு. ஆக நூற்று நாற்பத்தேழு என்று நோட்டில் எழுதி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

அவர் கொசு ஒழிப்புக்காக வீடு எண்ண வந்தவர் என்பது, பம்பும் வாளியுமாக டி.டி.டி. மருந்து அடிக்க ஆட்கள் வந்தபோது தெரிந்தது. அயினிக்கோணத்தில் நூற்று நாற்பத்தேழு வீடு என்று அவர்களின் தாளில் இருந்தது. இது கல்லறை என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். தாளில் வீடு என்றுதான் இருக்கிறது என்றார்கள். கல் கல்லாக அடித்தார்கள். கிருபாபாய்க்குத் தலையிலும் காலிலும் அடித்தார்கள். உயிரோடு இருந்தவர்களின் வீடுகளுக்கு மருந்து மிஞ்சவில்லை. அந்த மழைக்கு ஊரில் பாதிப்பேருக்குக் காய்ச்சல்.

மினிட் புத்தகத்தில் 'கமிஷன் பிரதிநிதி வருகை' என்றே இருக்கிறது. திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

உண்மையான கமிஷன் எங்கள் கற்களைப் பார்க்காமலேயே அறிக்கை எழுதியது. 1956 நவம்பர் முதல் தேதி தெற்குத் தாலுகாக்கள் மதராசுக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்களுக்குக் கொஞ்சம் தெற்கே கோடு விழுந்தது. காரோடு ஊரில் ஒருவருக்கு வீடு இந்தப் பக்கம், தென்னை அந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. முதல் பொருள், கண்டனம். ராபின்சன் பேசும்போது உண்மையாகவே அழுதார். நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.

"நம்மைக் கேட்டார்களா? இந்த மண்ணில் ஒருநாள் நின்று பார்த்தார்களா? எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒரு கோடு! நீ அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம்! ஒரே இரத்தத்தை, ஒரே ஜெபத்தைச் சொல்லும் நாவை இரண்டாக அறுக்க இவர்கள் யார்? கோடு போட்டுப் பிரிக்கப்பட்டவனின் வலி, பிரித்தவனுக்கு ஒருநாளும் தெரியாது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பொருள் என்ன?" என்று கேட்டார்.

அடுத்த பொருள் கையாலை. 'ஆடுகளின் தொல்லை அதிகரித்துள்ளதால் பழைய கையாலையைப் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டுவது' என்று ஏகமனதாக நிறைவேறியது. மூன்றாவது பொருள், பின்வளவுக் கற்கள். எந்த நோக்கத்துக்காக வைத்தோமோ அது நிறைவேறாததால் அவற்றை அகற்றிக் கமிட்டி உறுப்பினர்கள் உபயோகப்படுத்திக்கொள்வது. எபனேசரும் தன் கற்களை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். அவருடைய நோக்கம் நிறைவேறிவிட்டதால் அவருக்கும் இனி அவை தேவையில்லை.

கற்களைப் பிடுங்கும் வேலையும் பொன்னுதாஸுக்குத்தான். கிருபாபாயின் கல் ராபின்சன் வீட்டுக் கிணற்றடிக்குத் துணி துவைக்கப் போனது. எழுத்து மேலே இருந்தால் அழுக்கு நன்றாகப் போகிறது என்று ராபின்சனின் மனைவி ரத்னபாய் சொன்னாளாம்.

"அய்யா, கல்லு நிக்கிய எடத்துல வெட்டமாட்டோம்னு செல்லியிருந்தீங்க" என்றார் பொன்னுதாஸ்.

"இப்பம் கல்லு நிக்கிதாலே?" என்று கேட்டார் ராபின்சன்.

பொன்னுதாஸ் திரும்பிப் பார்த்தார். நிற்கவில்லை. ஏழு வருடம் முடிய ஐந்து வாரம் இருந்தது. பின்வளவில் சத்தியபாய் என்ற கிழவி மூச்சு இழுத்துக் கிடந்தாள். வரிசைப்படி அடுத்த குழி எந்த இடத்தில் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை கையாலைக்கு இடம் குறிக்கக் கமிட்டி முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அங்கேதான் சிக்கல். பழைய இடம் எது?

மண்கையாலை இடிந்து மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. ஒரு தடமும் இல்லை. முன்வளவுக் கல்லறைகள் முடிகிற இடத்தில் இருந்து பின்னால் வெறும் புல். நடுவே ஓர் அயினி மரம்.

"மரம் அந்தப் பக்கமாக்கும் நின்னது" என்றார் ஜெயதாஸ் வாத்தியார்.

"இல்ல வேய், நம்ம பக்கம். எனக்க அப்பனைப் புதைக்கும்பம் நெழலு உண்டும்" என்றார் ராபின்சன்.

"நெழலு உண்டும். மரம் எங்க நின்னுது?"

யாருக்கும் தெரியவில்லை. மினிட் புத்தகத்தைப் புரட்டினேன். கையாலையைப் பற்றி அறுபதுக்கும் மேல் தீர்மானங்கள் இருந்தன. வெள்ளையடிப்பது, ஓட்டை அடைப்பது, அதன்மேல் உட்கார்ந்த ஒருவருக்கு அபராதம். எங்கே இருக்கிறது என்று ஒன்றிலும் இல்லை. காரணம் எளிது. முன்வளவுக்காரர்கள் அடக்கத்துக்கு வந்தால் கையாலைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்போம். அந்தப் பக்கம் பார்ப்பது மரியாதைக் குறைவு. எண்பது வருடம் பார்க்காமலேயே காத்து வந்த ஒன்றின் இடம் யாருக்குத் தெரியும்?

"பொன்னுவை விளி" என்றார் ராபின்சன்.

பொன்னுதாஸ் கயிறும் முளைக்குச்சியுமாக வந்தார்.

"எலே, கையாலை நின்ன எடம் ஓர்ம உண்டா?"

"ஓர்ம உண்டு அய்யா."

"அச்சொட்டா அதே எடத்துல வேணும். ஒரு சாண் அங்க இங்க போவப்பிடாது."

பொன்னுதாஸ் முன்வளவைக் கடந்து நடந்தார். ஓர் இடத்தில் நின்றார். வெகுநேரம் நின்றார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரர்கள் வெயிலில் வியர்த்தார்கள். பிறகு மறுபடி நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எட்டு. அயினி மரத்தையும் தாண்டி நின்று முளைக்குச்சியை அடித்தார். கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"இதாக்கும் அய்யா."

ராபின்சன் கயிற்றின் வழியே ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதேதாம்லே. கண்ணைக் கெட்டி விட்டாலும் எனக்குத் தெரியும்" என்றார். மற்ற ஆறு பேரும் தங்களுக்கும் தெரியும் என்றார்கள்.

கையாலை எழுந்தது. சத்தியபாய் கிழவி டிசம்பர் மூன்றாம் வாரம் இறந்தாள். கையாலைக்குக் கிழக்கே, வேறொரு பழைய குழியில் அவளைப் புதைத்தார்கள். வரிசை தவறியதை யாரும் கவனிக்கவில்லை. பின்வளவு வரிசையை எண்ணுகிறவர் பொன்னுதாஸ் ஒருவர்தான்.

கையாலைத் திறப்பு அன்று ராபின்சன் முன்வளவின் புது மூலையைச் சுற்றிப் பார்த்தார். அயினி நிழல், பசும்புல். அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"எனக்கு இந்த எடம் போரும். எழுதும் வேய்" என்றார் என்னிடம்.

பொன்னுதாஸின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அய்யா, அது கொஞ்சம் ஈரமுள்ள எடம்" என்றார்.

"ஈரம் நல்லதுலே. குளுமை."

எழுதினேன். 'அயினி மரத்தடியில் எட்டடி அகலம் தலைவர் அவர்களுக்காக என்றென்றைக்கும் ஒதுக்கப்படுகிறது.'

அவர் இறந்தது 1961இல். பெரிய அடக்கம். இரண்டு மாநிலத்தில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். எபனேசர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். குழியின் அளவு சரியா என்று பார்த்து எழுத என்னைக் காலையிலேயே அனுப்பினார்கள். நீளம் ஏழு, அகலம் மூன்று, ஒதுக்கிய இடத்தின் சரிநடுவில் என்பது உத்தரவு.

நான் போனபோது பொன்னுதாஸ் குழிக்குள் இடுப்பளவு நின்று மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். குழி நடுவில் இல்லை. எட்டடி இடத்தின் ஒரு கோடியில், மேற்கு ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு கிடந்தது. அகலமும் மூன்றடிக்குக் குறைவுதான். பெட்டியை நெருக்கித்தான் இறக்க வேண்டியிருக்கும். மறுபக்கம் நாலடிக்குமேல் புல்லுகூடக் கலையாமல் இருந்தது.

"என்ன பொன்னு, இவ்வளவு எடத்தைச் சும்மா விட்டுட்டு ஓரத்துல வெட்டியிருக்கே?" என்று கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பொய் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு, "சும்மா இல்ல அய்யா. அங்க ஆளுண்டு" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அயினி மரத்தைப் பார்த்தேன். கையாலையைப் பார்த்தேன். அவர் அன்று நின்ற இடத்தையும் பிறகு வைத்த நான்கு எட்டையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஐந்து வருடமாக அந்தக் கையாலைக்கு வெள்ளையடிக்கும் தீர்மானங்களை எழுதியவன் நான்.

நான் எண்ணிக்கொண்டு நிற்கையில் அவர் என்னை மறந்துவிட்டார். குழியின் விளிம்பில் கையூன்றி, கலையாத புல்லைப் பார்த்துச் சொன்னார்:

"ஏட்டி, பெரிய ஆளு வாறாரு. நீ ஒதுங்காண்டாம், கேட்டியா? அவரு ஒதுங்கிக் கெடப்பாரு."

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

நான் அளவு நாடாவைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை. மினிட் புத்தகத்தைத் திறந்து, 'குழியின் இடமும் அளவும் சரி' என்று நல்ல கையெழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். இருபது வருடத்தில் நான் தெரிந்து எழுதிய பொய் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் சொல்லச் சொல்ல எழுதினேன்.

கோயிலில் மணி அடிக்கத் தொடங்கியது. வாசலுக்கு நேராக நடந்தால் அந்தப் புல்லை மிதித்துத்தான் போகவேண்டும். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நடந்தேன்.